இழையொட்டி

நவநீதன் தோசையில் ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தார். மென்று விழுங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

மோனிஷாவின் காதில் அவருடைய குரல் எப்போதும்போல நிதானமாகக் கேட்டது. "சட்னி நல்லா இருக்குது மோனி. இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கலாம்."

தட்டு சுவரில் மோதிய ஓசை பஞ்சுமூட்டை விழுந்ததுபோல் அமுங்கித்தான் ஒலித்தது. திடீர் ஓசைகளை அவள் காதிலிருந்த தெளிசெவி அப்படித்தான் அடக்கிக் கொடுக்கும். மோனிஷா எழுந்து துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தாள். இது முதல் முறை இல்லை. போன வாரம் டம்ளர். அதற்கு முன் அவர் ஆசையாக வளர்த்த பெரணிச் செடியின் தொட்டி. ஒவ்வொரு முறையும் கை எதையாவது உடைக்கும், வாய் இனிமையாகப் பேசும்.

"ஏங்க, கோபம்னா கோபம்னு சொல்லுங்களேன். இப்படிச் சிரிச்சுப் பேசிட்டே ஒடைச்சா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அவர் அவளுடைய முகத்தையே பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன. "விடு மோனி, பாத்துக்கலாம்" என்று குரல் வந்தது.

கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை இல்லாத வெறுமை என்று எல்லோரும் சொன்னார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் அவரோடு நெடுநேரம் பேசிவிட்டு வெளியே வந்து, "இவ்வளவு பக்குவமாப் பேசற மனுஷரை நான் பார்த்ததில்லைங்க" என்று மோனிஷாவிடம் வியந்தார்.

அப்போது கோவையில் தெளிசெவி அணியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் காது போனவர்களுக்காகத் தொடங்கிய சாதனம் அது. மோனிஷாவின் அப்பாவும் தறி ஓட்டிக் காது போனவர்தான். வெளியிலிருந்து வரும் ஒலியலையை அளந்து, அதே அலையைத் தலைகீழாகப் புரட்டி அதன்மேல் விட்டால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பி அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள் கேட்க வேண்டிய குரலை மட்டும் சுத்தமாக்கி வைப்பதுதான் தெளிசெவியின் வேலை. தறிக்கூடத்துக்கு நடுவில் நின்றாலும் பேச்சு கோயில் மணிபோலக் கேட்டது. தறிக்காரர்களைப் பார்த்துப் பேருந்து ஓட்டுநர்கள் வாங்கினார்கள், பிறகு பள்ளிகள், பிறகு எல்லோரும். பின்கட்டில் இருப்பவர் பேசினாலும் பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டதால், முகம் பார்த்துப் பேசும் பழக்கமே மெல்லக் குறைந்துபோனது.

மோனிஷா அந்த நிறுவனத்தின் முதல் பொறியாளர்களில் ஒருத்தி. அவள் செய்த பகுதிக்குப் பெயர் இழையொட்டி. தறியில் அறுந்த நூலை முடிந்து ஓட்டத்தைத் தொடர்வதுபோல, பேச்சில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒலி விட்டுப்போனால் முன்னும் பின்னும் பார்த்து அந்த இடைவெளியை நிரப்புவது. அதற்கு ஒவ்வொருவரின் குரலையும் முன்கூட்டியே பதிந்து குரலச்சு ஒன்று செய்ய வேண்டும். முதல் குரலச்சு நவநீதனுடையது. கல்யாணமான புதிதில் அவர் மாதக்கணக்காக ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பாடம் நடத்தினார், செய்தித்தாள் வாசித்தார், அவளோடு பொய்ச்சண்டை போட்டார். அவர் அளவுக்கு முழுமையான குரலச்சு நிறுவனத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

பிறகு வந்தவர்கள் இழையொட்டியை வளர்த்தார்கள். இருமல் குறுக்கிட்டால் ஒரு சொல்லை நிரப்பியது. தொண்டை கட்டியவர்களுக்கு ஒரு வாக்கியத்தையே நிரப்பியது. மோனிஷா அதற்குள் தரப் பிரிவின் தலைமைக்குப் போயிருந்தாள். 'கேட்டவர்களுக்குத் தெளிவாக இருந்ததா?' என்ற ஒரே கேள்விதான் அவளுடைய அளவுகோல். எல்லோரும் ஆம் என்றார்கள்.

சுவரைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது நவநீதன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். தன் காதிலிருந்த தெளிசெவியைக் கழற்றிக் கையில் வைத்து அவளிடம் நீட்டினார். அதைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"அதுல கோளாறா? போன மாசம்தானே புதுசு வாங்கினோம். ரொம்ப நல்ல ரகம்ங்க அது."

அவர் சட்டென்று கையை நீட்டி அவளுடைய காதிலிருந்ததைப் பிடுங்கினார். முனை உள்ளே கீறியது. வலியோடு சேர்ந்து தெருவின் இரைச்சல் முழுவதும் அவள் தலைக்குள் பாய்ந்தது. வண்டிகள், எங்கோ துளைபோடும் எந்திரம், நாய்கள், குழாயில் நீர். வருடக்கணக்காக அவள் கேட்டிராத இரைச்சல். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் தெளிசெவியைப் பறித்தாள். அவர் பேச வாயெடுத்த அதே நொடியில் அதைத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்க மோனி" என்று கேட்டது. "ஏதோ ஞாபகத்துல பண்ணிட்டேன்."

அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

*

கீறிய இடத்தில் சீழ் வைத்தது. காது மருத்துவர் அந்தக் காதில் மருந்துத் திரியைத் திணித்துக் கட்டுப்போட்டார். ஒரு காதில் மட்டும் தெளிசெவி போட்டால் சமன் கெட்டுத் தலைசுற்றும் என்பதால், ஆறும்வரை இரண்டு காதிலும் வேண்டாம் என்று எழுதிக் காட்டினார்.

ஓட்டுநர் இல்லாத வாடகை வண்டியில் ஒரு சொல்லும் பேசாமல் மோனிஷா வீடு வந்து சேர்ந்தாள். நவநீதன் வாசலில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயைப் போட்டுவிட்டு வந்து காதுக் கட்டைத் தொட்டார். பேசினார்.

"மொ... மொக்... தா... ந்த... ந்த... அப்... தா..."

அவளுக்கு முதலில் அது அவரிடமிருந்து வருகிறது என்றே தோன்றவில்லை.

"என்ன சொல்றீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"ந்த... மொ... தா. தா. தா."

உதடுகள் கோணவில்லை. கை கால் நன்றாக இருந்தது. அவள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொற்கள்தான் இல்லை. தேடித் தேடி ஒரு துண்டைப் பிடித்து, அது தான் தேடியதில்லை என்று தெரிந்து விட்டுவிட்டு, அடுத்த துண்டைத் தேடினார். இவ்வளவு நாளும் அவர் முகத்தில் கோபம் என்று தான் நினைத்தது இந்தத் தேடல்தான் என்று மோனிஷாவுக்கு அப்போது புரிந்தது.

அவளுக்குக் கேட்டுவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எதிர்வீட்டுக்காரர் தம் தோட்டத்திலிருந்து கையசைத்து, ஏதோ நகைச்சுவையைக் கேட்டதுபோலச் சிரித்தார்.

*

ஆஸ்பத்திரியில் ஒருவரும் நம்பவில்லை. மோனிஷாவின் காது அடைத்திருந்ததால் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் பலகை ஒன்றை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் ஒரு படத்தை நவநீதனிடம் காட்டி, அதில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவர் திணறினார். ஒரு துண்டு, இன்னொரு துண்டு, ஒரு பெருமூச்சு. பலகையில் எழுத்துகள் வரிசையாக ஓடின.

'ஒரு அம்மா பாத்திரம் கழுவுறாங்க. தொட்டி நிறைஞ்சு தண்ணி வழியுது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தெரியுது. நல்லாப் பூத்திருக்கு.'

அந்தப் படத்தை ஆயிரக்கணக்கான நோயாளிகள் விவரித்திருந்தார்கள். என்ன சொல்வார்கள் என்பது இழையொட்டிக்கு மனப்பாடம். வேப்பமரத்தை மட்டும் அவருடைய குரலச்சிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தது. நர்ஸ் முழு மதிப்பெண் போட்டாள்.

"அவர் இதைச் சொல்லலைங்க" என்றாள் மோனிஷா. "ஒரு வார்த்தை கூடச் சொல்லலை. உங்க காதுல இருக்கறதைக் கழட்டிட்டுக் கேளுங்க."

நர்ஸ் அவளை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மருத்துவரை அழைத்து வந்தாள். நரம்பியல் மருத்துவர் லிடியா நடுவயதுப் பெண்மணி. முதலில் அவளும் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மோனிஷா தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்து, "இழையொட்டியைச் செஞ்சதே நான்தாங்க டாக்டர். ஒரு நிமிஷம் கழட்டுங்க" என்ற பிறகே கழற்றினாள்.

நவநீதன் அவளைப் பார்த்துச் சொல்ல முயன்றார். லிடியாவின் முகம் மாறியது. மோனிஷாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். 'ஸ்கே... எடு... ப்பவே...' என்று பாதிதான் மோனிஷாவுக்குக் கேட்டது. மருந்துத் திரி அடைத்திருப்பதால் என்று நினைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். 'மூளையை ஸ்கேன் எடுக்கணும், இப்பவே எடுத்துடலாம்' என்று தெளிவாக இருந்தது.

ஸ்கேன் படத்தில் மூளையின் இடப்பக்கம் ஓரிடத்தில் வற்றிய குளம்போல் சுருங்கிக் கிடந்தது. பேச்சுச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும் நோய். அறிவு இருக்கும், நினைவு இருக்கும், அன்பு இருக்கும், சொல் மட்டும் வராது. எழுதுவதும் கூடவே போய்விடும், படித்தால் மட்டும் புரியும்.

"எத்தனை நாளா டாக்டர்?"

'நாள் இல்லைங்க. சில வருஷமா இருக்கும்' என்றது பலகை. 'முதல்ல தடுமாற ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, மருந்து போட்டு அங்கேயே நிறுத்தி வெச்சிருக்கலாம். பொதுவா வீட்டுல இருக்கறவங்கதான் முதல்ல கவனிப்பாங்க.'

சொன்ன பிறகுதான், கேட்டுக்கொண்டிருப்பவள் யார் என்பது லிடியாவுக்கு உறைத்ததுபோலிருந்தது. 

சில வருடம் என்றால், அவர் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கடைசி இரண்டு மூன்று வருடங்களில் அவர் வகுப்பறையில் நின்று திணறியிருக்கிறார். மாணவர்கள் குறிப்பெடுத்திருக்கிறார்கள், வழக்கமான இடங்களில் சிரித்திருக்கிறார்கள். பிரிவு உபசார விழாவில் அவர் பேசிய பேச்சுக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் மேடையில் வியர்த்துப்போய் நின்றதை மோனிஷா முன்வரிசையிலிருந்து பார்த்தாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அப்போது நினைத்தாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அவரும் தெளிசெவி அணிந்திருந்தவர்தான். தான் திணறியது அவருக்கே கேட்காது. நெஞ்சில் ஒன்றை நினைத்து வாயைத் திறந்தால், தன் சொந்தக் குரலிலேயே வேறொன்று சரளமாகத் தன் காதில் விழுந்திருக்கும். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். அதையும் யாரிடமும் சொல்ல முடியாமல்.

ஓசூரில் இருந்த மகள் இனிகாவை எழுத்துப் பலகையோடு அழைத்து மோனிஷா விஷயத்தைச் சொன்னாள்.

'என்னம்மா உளர்றீங்க?' என்று எழுத்து வந்தது. 'நேத்துக்கூட அப்பா எங்கிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. ஆலமரம் எப்படி விழுது விடுதுன்னு உங்க பேரனுக்குக் கதை மாதிரிச் சொன்னாங்க. அவன் தூங்கவே மாட்டேன்னுட்டான்.'

"அது அப்பா சொன்னதில்லை கண்ணு."

'அப்புறம் யாரு சொன்னதும்மா?'



*

நிறுவனத்தின் இப்போதைய தலைமைப் பொறியாளர் பிரணவ். மோனிஷாவிடம் வேலை கற்றவன். நவநீதனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தான். அவளுக்காக ஒரு பெரிய எழுத்துத் திரையை மேசைமேல் நிறுத்தினான்.

"அவர் பேசின மூல ஒலி வேணும் பிரணவ். எப்ப இருந்து கெட்டுதுன்னு டாக்டர் கேக்கறாங்க."

'மூல ஒலியை வெச்சுக்க மாட்டோம் மேடம். கேட்டு முடிச்ச உடனே அழிச்சிரோணும், சட்டம் அப்படி. ஒட்டு விகிதம் மட்டும்தான் இருக்குது.'

ஒட்டு விகிதம் என்பது பேச்சில் எவ்வளவு பங்கு ஆள் சொன்னது, எவ்வளவு பங்கு இழையொட்டி நிரப்பியது என்ற கணக்கு. திரையில் நவநீதனின் கோடு தரையை ஒட்டித் தொடங்கி, மெல்லச் சாய்வாக ஏறி, கடைசியில் கூரையைத் தொட்டு நின்றது. இந்த மாதம் அவர் பேசியதாக ஊர் கேட்டதில் ஏறக்குறைய எதுவுமே அவர் சொன்னதில்லை.

"இவ்வளவு ஏறியிருக்குது. எச்சரிக்கை ஏன் வரலை?"

பிரணவ் கொஞ்சம் தயங்கினான். பிறகு இன்னொரு கோட்டைத் திரைக்குக் கொண்டுவந்தான். அதுவும் ஏறிக்கொண்டுதான் போனது. நவநீதனுடையது அளவுக்கு இல்லை, ஆனால் பாதியைத் தாண்டியிருந்தது.

"இது யாரோடது?"

'ஊரோடது மேடம். எல்லாருக்கும் சேர்த்துச் சராசரி. பாதி சொன்னாலே மீதியை அது சொல்லிருதுன்னு ஆனதும் ஜனங்க முழுசாச் சொல்றதை விட்டுட்டாங்க. விகிதம் கூடினா எச்சரிக்கைன்னு வெச்சா எல்லா வீட்டுலயும் மணி அடிச்சுட்டே இருக்கும். அதனால எடுத்துட்டோம்.' எழுத்து சற்று நின்று மறுபடி ஓடியது. 'தரப் பிரிவுலயும் ஒப்புதல் கொடுத்தாங்க.'

கொடுத்தது அவள்தான். கேட்டவர்களுக்குத் தெளிவாக இருந்ததால் கொடுத்தாள்.

"சரி. இவருக்கு மட்டுமாவது நிறுத்து. இவரோட குரலச்சை எல்லார் காதுல இருந்தும் எடுத்துரு. அவர் திணறினா திணறலாவே கேக்கட்டும். அப்பத்தான் அவருக்கு முடியலைன்னு நாலு பேருக்குத் தெரியும்."

'அதுக்கு அவர் சம்மதிக்கோணும் மேடம். குரல் அவருதுங்க. சொந்தக் குரல்ல சொல்லோணும், மத்தவங்க யாரும் சொல்ல முடியாது.'

அதுவும் நல்ல சட்டம்தான். ஒருவர் குரலை இன்னொருவர் திருடி மோசடி செய்த காலத்தில் வந்தது. மோனிஷாவே அதை ஆதரித்துப் பேசியிருக்கிறாள்.

பிரணவ் சம்மதப் பதிவை இயக்கினான். திரையில் கேள்வி வந்தது: 'உங்கள் குரலுக்கு இழையொட்டியை நிறுத்தச் சம்மதமா?'

நவநீதன் கேள்வியைப் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பலமாகத் தலையாட்டினார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "ச... ச்ச... ம்... ச... த்..." என்றார்.

திரையில் எழுத்து வந்தது: 'இருக்கட்டும்ப்பா, இப்ப எதுக்கு அதெல்லாம்? இருக்கறபடியே இருக்கட்டும்.'

வாழ்நாள் முழுவதும் அவரிடம் எதையாவது மாற்றலாமா என்று யார் கேட்டாலும் அவர் சொன்ன பதில் அது. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்று கேட்டபோதும், புது வண்டி வாங்கலாமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார். 'மறுப்பு பதிவாகியது' என்று காட்டிவிட்டுத் திரை அணைந்தது.

நவநீதன் திரையைப் பார்த்தார். பிரணவைப் பார்த்தார். மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்தார். மறுபடி அதே பதில் வந்தது. அடுத்த முறை, 'அதான் சொல்லிட்டேனே, வேண்டாம்' என்று கொஞ்சம் எரிச்சலோடு வந்தது. அவர் குரல் உயர்ந்திருந்ததை இழையொட்டி கவனித்திருந்தது.

"இதுக்காவது இழையொட்டி இல்லாம ஒரு ஒலிவாங்கி குடு."

'அப்படி ஒண்ணு இல்லீங்க மேடம்' என்றான் பிரணவ். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. 'எல்லாச் சில்லுலயும் அது உள்ளேயே பதிஞ்சுதான் வருது. நாமதான் அப்படிச் செய்ய வெச்சோம்.'

*

காதுக் கட்டைப் பிரித்த அன்று மோனிஷா நவநீதனை லிடியாவிடம் மறுபடி கூட்டிப்போனாள். இருக்கும் சொற்களையாவது காப்பாற்ற ஒரே வழி பயிற்சி என்று லிடியா முன்பே எழுதியிருந்தாள். நோயாளி தெளிசெவி இல்லாமல், தெளிவாகப் பேசும் ஒருவரின் வெறுங்குரலைத் தினமும் கேட்டு, அந்த உதடுகளைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது.

பயிற்சியாளர் சுறுசுறுப்பான இளைஞர். தெளிசெவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நவநீதனுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு மாம்பழத்தின் படத்தைக் காட்டி, புன்னகையோடு சொன்னார்.

"ஆம்... ம்ப... ழ. ல்லுங்... ஆம்... ழ."

மோனிஷா தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். திரி இல்லை. கட்டு இல்லை. இரண்டு காதும் திறந்துதான் இருந்தன.

"என்னங்க?" என்றாள்.

"ஆம்... ழ" என்றார் அவர் மறுபடி. தான் முழுதாகச் சொல்லிவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

லிடியாவுக்கும் கேட்டது. அவளும் தன்னுடையதைக் கழற்றியிருந்தாள். கதவைத் திறந்து நடையில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொன்னாள். நர்ஸின் வாயிலிருந்து வந்தது முணுமுணுப்புதான். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு துண்டு மட்டும் இருந்தது, தலையும் வாலும் இல்லை. வார்டு முழுவதும் அப்படித்தான். நோயாளிகளும் பார்க்க வந்தவர்களும் ஊழியர்களும் வாயை லேசாக அசைத்து முனகிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

லிடியா மோனிஷாவிடம் திரும்பி ஏதோ சொன்னாள். மோனிஷாவுக்குப் புரியவில்லை. லிடியா மறுபடி சொன்னாள். பிறகு தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுத்துப் பலகையை எடுக்கப் போனவள், அதுவும் இழையொட்டி வழியாகத்தான் வருகிறது என்பது நினைவுக்கு வந்து, ஒரு பழைய மருந்துச்சீட்டின் பின்புறத்தில் பேனாவால் எழுதினாள்: 'இவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் யாரைக் கொண்டுவருவது?'

*

மோனிஷா தானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தாள். வேலையை விட்டாள். காலையில் கூடத்தில் ஜன்னலோரமாக இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். இருவருடைய தெளிசெவிகளையும் கழற்றி நடுவில் இருந்த முக்காலியில் வைத்தாள். தெருவின் இரைச்சல் இப்போது அவளுக்குப் பழகியிருந்தது.

நவநீதன் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, வகுப்புக்குப் போகிறவர்போல வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தில் பார்வையைப் பதித்தார். எதையாவது பிடித்துக்கொண்டுவிடலாம் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

பழங்களின் பெயரிலிருந்து தொடங்க அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடமும் அவர் சொல்ல வந்தது என்ன என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 'உங்களுக்கு என்ன வேணும்? எங்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க?' என்று கேட்க நினைத்து வாயைத் திறந்தாள்.

"ங்களுக்... ன்ன... ணும்? ங்கி... ன்ன... ல்ல... ந்..."

நிறுத்தினாள். மறுபடி முயன்றாள். நாக்கு அண்ணத்தைத் தொட வேண்டிய இடத்தில் தொடாமல் வழுக்கியது. சொல்லின் கடைசியை நோக்கிப் போகும்போது வாய் தானாகவே மூடிக்கொண்டது. மூளைக்குள் முழு வாக்கியமும் எழுதிவைத்ததுபோல இருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சொன்னாள். தனித்தனி எழுத்து வந்தது, சேர்த்தால் சிதறியது. அவளுக்கு எந்த நோயும் இல்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். காதில் திரியோடு ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் தான் முழுதாகச் சொன்னதாக நினைத்ததெல்லாம் இப்படித்தான் வந்திருக்கும் என்றும், அவர்கள் கேட்டது வேறு என்றும் அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. தான் சொன்னதைத்தான் அவர்கள் கேட்டார்களா என்பதுகூட இனிமேல் தெரியாது.

நவநீதன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கூர்ந்து கவனித்தார். பிறகு புருவம் சுருங்கியது. பிறகு அவர் முகத்தில் இரக்கம் வந்தது. வாசலில் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நின்று தான் அவரைப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று மோனிஷா நினைத்தாள்.

அவர் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் துடைத்தார். முக்காலியிலிருந்த தெளிசெவிகளை எடுத்தார். ஆறிய காதில் வலிக்காமல் இருக்க மிகவும் மெதுவாக, அவளுடையதை அவளுக்குப் பொருத்தினார். தனக்கும் பொருத்திக்கொண்டார். தெரு மறைந்தது. கூடத்தில் அமைதி நிறைந்தது.

அவள் முன்னால் மண்டியிட்டு, அவளுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, நவநீதன் பேசினார். உதடுகள் குவிந்து விரிந்தன. ஒரே சொல்லை மறுபடி மறுபடி பிடிக்கப் போய்த் தவறவிட்டன. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"எனக்கு ஒண்ணும் இல்லை மோனி" என்று அவருடைய அழகான, நிதானமான குரல் அவள் காதில் கேட்டது. "நீ கவலைப்படாதே. நீ போய் உன் வேலையைப் பாரு."

அவர் உதடுகள் அதைச் சொல்லவில்லை. அவை எதைச் சொல்கின்றன என்று அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். படிக்க முடியவில்லை. அவர் நிறுத்திவிட்டு, புரிந்ததா என்பதுபோல அவள் முகத்தை ஆவலோடு பார்த்தார்.

எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே மோனிஷா தலையாட்டினாள்.